பெறாத பிள்ளைக்குப் பால் வரவழைக்க எந்த பம்ப்?

வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா, இல்லை பிராவுக்குள் செருகிக்கொள்ளும் சின்ன பம்பே போதுமா? தத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்கள், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறப்போகிறவர்கள், இடையில் நின்றுபோன பாலை மறுபடி வரவழைக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும். இதன் உறிஞ்சு விசை இவ்வளவு, அதன் எடை இவ்வளவு, இன்னொன்றுக்கு நாலரை நட்சத்திரம்.

அந்த நட்சத்திரங்களைக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பிரசவித்தவர்கள். ஏற்கெனவே ஊறியிருக்கும் பாலை வெளியே எடுக்க பம்ப் வாங்கியவர்கள். நமக்கு வேண்டியது இல்லாத பாலை வரச்சொல்லிக் கூப்பிடும் பம்ப். அவர்களுக்கு நல்லது நமக்கு ஆகாமல் போகலாம். நானும் அப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவள்தான். முதலில் வாங்கியது தப்பான பம்ப். அந்தக் கதை கீழே வருகிறது.

## பம்புக்கு இங்கே என்ன வேலை

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன், புரோலாக்டின் என்ற ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்து மார்பில் பால் சுரப்பிகளை மாதக்கணக்கில் வளர்க்கின்றன. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டரோன் சட்டென்று இறங்கும். இரண்டு மூன்று நாளில் பால் பெருகும். கருவுறாத உடலில் இந்த ஏற்பாடு எதுவும் நடப்பதில்லை.

சிலர் மருத்துவர் மேற்பார்வையில் பல மாதம் ஹார்மோன் மாத்திரை எடுத்து, உடலைக் கர்ப்பம் போன்ற நிலையில் வைத்திருந்து, குழந்தை வர ஏறத்தாழ 6 வாரம் இருக்கும்போது மாத்திரையை நிறுத்திவிட்டு பம்ப் செய்யத் தொடங்குவார்கள். நியூமன்-கோல்ட்ஃபார்ப் முறை என்று சொல்வது இதைத்தான். வேறு சிலர் மாத்திரையே வேண்டாம் என்று பம்பை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். எப்படியானாலும் பம்ப் செய்வது ஒன்றுதான்: காம்பில் இழுப்பு படும், நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் வரும். சேதி அடிக்கடி போய்க்கொண்டே இருக்கவேண்டும். 24 மணி நேரத்தில் 8 தடவையாவது, தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். அதில் ஒன்று நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில், ஏனென்றால் புரோலாக்டின் அப்போதுதான் ஏறி நிற்கும்.

இத்தனைக்கும் பல வாரம் புட்டி காலியாகவே இருக்கும். வெறும் புட்டியைப் பார்த்துக்கொண்டு விடிகாலை 3 மணிக்கு உட்கார்ந்திருக்கத் தகுந்த பம்ப் எது என்பதுதான் உண்மையான கேள்வி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் இதற்குப் பதில் சொல்லாது.

## எதை வைத்து எடை போடுவது

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். இதில் பேச்சுக்கே இடமில்லை. 8 தடவை, 20 நிமிடம் என்றால் நாளுக்கு 2 மணி 40 நிமிடம். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் செய்கிற பம்பாக இருந்தால் அதுவே 5 மணி 20 நிமிடம். யாராலும் ஆறு வாரம் தாங்க முடியாது. ஒற்றைப் பம்பை இத்தோடு ஒதுக்கிவிடுகிறேன்.

மோட்டார் எவ்வளவு ஓடும். அலுவலகத்தில் 3 தடவை, 15 நிமிடம் வீதம் வாரத்துக்கு 5 நாள் பம்ப் செய்யும் தாய்க்கு வாரம் 3 மணி 45 நிமிடம் ஆகும். உங்களுக்கு 18 மணி 40 நிமிடம். நீங்கள் 6 வாரத்தில் ஓட்டும் 112 மணி நேரத்தை அவர் எட்ட ஏறக்குறைய 30 வாரம் ஆகும். வீட்டு உபயோகத்துக்கான பம்புகளை வடிவமைப்பவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தாய்தான். ஒரு பம்ப் 'நல்லா உழைச்சுது' என்று யாராவது சொன்னால், நாளுக்கு எத்தனை தடவை ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.

விசையும் வேகமும் தனித்தனியாக. குழந்தை முதலில் சின்னச் சின்னதாக, வேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக இழுக்கும். நல்ல பம்புகள் இந்த இரண்டு கட்டத்தையும் போலச் செய்யும். நமக்குப் பால் இறங்குவது பல நாள் நடக்காததால், வேகமான கட்டத்துக்கு நினைத்த நேரம் திரும்பிப் போகும் வசதி வேண்டும். ஐந்தாறு நிமிடம் பம்ப், கொஞ்சம் மார்பை நீவிவிடுதல், மறுபடி ஐந்தாறு நிமிடம் என்று பிரித்துச் செய்வது பலருக்கு ஒத்துவருகிறது.

உச்ச விசையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பம்புகளில் பலவும் பாதரச அளவில் 250 மி.மீ. பக்கம்தான் போய் நிற்கின்றன. குழந்தை சாதாரணமாக இழுப்பது அதைவிட நன்றாகக் குறைவு. வலிக்கிற அளவுக்கு ஏற்றி வைத்தால் பால் இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் அடங்கிப்போகும், காம்பும் புண்ணாகும். அதனால் '270 வரை போகும்' என்பதைவிட, கீழ்ப் படிகள் எவ்வளவு நுணுக்கமாக ஏறுகின்றன என்று பார்ப்பது மேல். பாலில்லாத காம்பு வறண்டிருக்கும். ஒரு படி ஏறுவதே சில நாளில் எரியும்.

புனலின் அளவு. நான் சொல்வதில் இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். மார்பின் மேல் பொருத்தும் புனலின் கழுத்து, காம்புக்குச் சரியாக இருக்கவேண்டும். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மி.மீ., சிலதில் கூடவே 28. ஏராளமானோருக்கு இது பெரிது. பம்ப் செய்வதற்கு முன்பு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை விட்டுவிட்டு காம்பின் குறுக்களவை மட்டும் அளந்து, அதிலிருந்து 3 மி.மீ. கூடுதல் வரைக்கும் உள்ள அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு வந்தது 15 மி.மீ. அந்த 24-ஐப் போட்டபோது கருவட்டம் முழுவதும் கழுத்துக்குள் இழுபட்டு, எடுத்த பிறகு வீங்கிச் சிவந்த வளையம் ஒன்று நின்றது. பம்ப் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பத்து நாள் பொறுத்துக்கொண்டேன். 17-க்கு மாறிய அன்றுதான் காம்பு கழுத்துக்குள் உரசாமல் தனியாக முன்னும் பின்னும் போய்வருவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே பம்பைப் பார்க்கும்போதே அதற்குச் சின்னப் புனலோ, கழுத்துக்குள் செருகும் உள்வளையமோ கிடைக்கிறதா என்று பாருங்கள். பல வாரம் இழுபட்டால் காம்பின் அளவு மாறவும் செய்யும். இடையில் ஒருமுறை மறுபடி அளக்கவேண்டும். வறண்ட நாட்களில் கழுத்தின் உட்புறம் லானோலின் லேசாகத் தடவிக்கொண்டால் உரசல் குறையும்.

மூடிய அமைப்பு. புட்டியிலிருந்து பாலோ ஈரமோ டியூப் வழியாக மோட்டாருக்குள் போகாதபடி நடுவில் தடுப்பு இருந்தால் அது மூடிய அமைப்பு. தடுப்பு இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அதைக் கழுவவும் முடியாது. இன்று விற்பவற்றில் பல மூடியவைதான், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

சத்தம், எடை, பேட்டரி எல்லாம் இதற்குப் பிறகுதான். பேட்டரி மட்டும் மின்வெட்டு உள்ள இடத்தில் சற்று மேலே ஏறும்.

## முதல் வழி: பலர் பயன்படுத்தும் கனமான பம்பை வாடகைக்கு எடுப்பது

மருத்துவமனைகளில் தள்ளுவண்டியில் வைத்திருப்பார்களே, அந்த வகை. மெடெலா சிம்பனி, அமேடா எலைட் போன்றவை. இயந்திரம் பொது, உடலில் படும் புனல், வால்வு, டியூப், புட்டி அடங்கிய கிட் ஒவ்வொருவருக்கும் தனி. குறைமாதக் குழந்தை பராமரிப்புப் பிரிவில் இருக்க, குழந்தை வாய் வைக்காமலே பாலை உண்டாக்கிக் காப்பாற்றவேண்டிய தாய்மார்களுக்குக் கொடுப்பது இதைத்தான். நம் நிலைமைக்கு மிக அருகில் இருப்பவர்கள் அவர்கள்.

இந்தக் கனமான பம்புகளுக்கு ஒரு வேடிக்கையான வம்சாவளி உண்டு. 1920களில் பிரெஸ்ட் பம்புக்குக் காப்புரிமை வாங்கிய எட்வர்ட் லாஸ்கர் ஒரு பொறியாளர், சதுரங்க மாஸ்டரும்கூட. பிறகு 1950களில் ஸ்வீடன் பொறியாளர் ஐனார் எக்னெல், தாய்க்கு வலி குறையும்படி இழுப்பின் அளவையும் தாளத்தையும் ஆராய்ந்து வேறொன்றை உருவாக்கினார். மருத்துவமனைப் பம்புகள் அந்தத் தடத்தில் வளர்ந்தவை.

சிம்பனியில் இரண்டு கட்டமும் தானாக மாறும், ஒரு குமிழைத் திருகினால் போதும். தூக்கக் கலக்கத்தில் இது பெரிய உதவி. எலைட்டில் விசைக்கு ஒரு குமிழ், வேகத்துக்கு ஒரு குமிழ். தானாக எதுவும் மாறாது, நீங்கள்தான் மாற்றவேண்டும். மேலே சொன்ன பிரித்துச் செய்யும் முறைக்கு எனக்கு இது பிடித்திருந்தது. இரண்டில் எது கிடைத்தாலும் மறுக்காதீர்கள்.

இந்த வகையின் பலம் உழைப்பு. நாளெல்லாம் ஓடினாலும் 50-வது தடவை இழுத்தது போலவே 500-வது தடவையும் இழுக்கும். அப்புறம், 'நம் உடம்பு வேலை செய்யவில்லையா, பம்ப் வேலை செய்யவில்லையா' என்ற சந்தேகத்தில் பாதியை இது அடித்துவிடும். வெறும் புட்டியோடு உட்கார்ந்திருக்கும் வாரங்களில் அந்த நிம்மதி சாதாரணமில்லை.

செலவு என்று பார்த்தால் வாடகை ஒன்று, முன்பணம் ஒன்று. கிட் தனியாக வாங்கவேண்டும். வேறு பம்புக்கு அது பொருந்தாமல் போகலாம். இயந்திரத்தைக் கொண்டுவர, திருப்பிக் கொடுக்க அலைச்சல். உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைப் பம்பில் புட்டி காலியாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் மீட்டர் ஓடுகிற உணர்வு வரும். சிலரை அதுவே அவசரப்படுத்திச் சோர வைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 'மருத்துவமனைத் தரம்' என்று போட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யவேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தச் சொல்லை ஒரு வரையறையாக ஏற்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 'ஒன்றுக்கு மேற்பட்டவர் பயன்படுத்தலாம்' என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

## இரண்டாவது வழி: சொந்தமாக ஒரு இரட்டைப் பம்ப்

மேசையில் வைத்து, இரண்டு டியூப் இழுத்து, இரண்டு புனலில் மாட்டுகிற வகை. ஸ்பெக்ட்ரா எஸ்1, எஸ்2 இரண்டும் இதில் பலர் கைக்கு வருபவை. எஸ்1-க்கு உள்ளேயே பேட்டரி, எஸ்2 மின்சாரத்தில் மட்டும் ஓடும். மற்றபடி வேலை ஒன்றுதான். மூடிய அமைப்பு. விசை, வேகம் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். வேகமான கட்டத்துக்கு ஒரு பொத்தானில் திரும்பலாம். நம் தேவைகளில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடுகிறது.

குறை மோட்டாரில்தான். ஒரேயடியாக நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு தளரும். அதை உடம்பின் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். வாங்கியதும் முதல் நாளே அதன் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டால் மோட்டார் மூச்சு வாங்குவது காதுக்கே தெரியும். வாரண்டி எத்தனை மாதம், பழுதானால் மாற்றுப் பம்ப் உடனே தருவார்களா, பழுதுபார்த்துத் தர வாரக்கணக்கில் ஆகுமா என்பதை வாங்கும் முன்பே கேட்கவேண்டும். ஒரு வாரம் பம்ப் இல்லாமல் இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு மாத உழைப்பு பின்னால் போகும்.

இதன் பெரிய லாபம் காலக்கெடு இல்லாதது. தத்துக்குப் பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளை எப்போது வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடிவதில்லை. இரண்டு மாதம் என்றது ஏழு மாதமாகும். திடீரென்று நாளைக்கே வா என்று அழைப்பும் வரும். வாடகை இங்கே கையைக் கடிக்கும். சொந்தப் பம்ப் அலமாரியில் காத்திருக்கும், கேள்வி கேட்காது.

## மூன்றாவது வழி: பிராவுக்குள் செருகும் பம்ப்

நான் முதலில் வாங்கிய தப்பான பம்ப் இதுதான். டியூப் இல்லை, ஒயர் இல்லை, நடந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்று விளம்பரம். நாளுக்கு எட்டுத் தடவை எப்படி உட்காருவது என்று மலைத்துப்போயிருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? வாங்கிவிட்டேன்.

மூன்று வாரத்தில் தெரிந்தது. கிண்ணம் மார்பை மூடியிருக்கும்போது காம்பு நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இடிபடுகிறதா என்று பார்க்க வழியில்லை. வலது பக்கம் தினமும் ஒரே இடத்தில் தடித்தது. பம்ப் செய்யும்போதே மார்பை நீவிவிட முடியாது. கை வைத்தால் கிண்ணம் நகர்ந்து காற்றுப் புகுந்துவிடும். மின்சாரப் பம்போடு கையையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பால் கூடுகிறது என்பதைக் குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த வாய்ப்பையே இது பறிக்கிறது. மோட்டாரும் சின்னது, பேட்டரியும் சின்னது. நாளுக்கு எட்டுத் தடவைக்குச் சார்ஜ் ஏற்றுவதே தனி வேலை.

இன்னொன்று. பால் இறங்குவதை உணர்ந்து தானே அடுத்த கட்டத்துக்கு மாறும் பம்புகள் இந்த வகையில் உண்டு. பால் இருப்பவர்களுக்கு நல்ல வசதி. நம்மிடம் பால் இல்லாதபோது அது எதை உணரும்? எல்வி, வில்லோ போன்றவற்றில் எதைப் பார்த்தாலும், கட்டத்தைக் கையால் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

குறையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பால் வரத் தொடங்கி, அளவு நிலைத்த பிறகு, பயணத்தில் அல்லது வேலையிடத்தில் விட்டுப்போகக்கூடிய ஒரு தடவையைக் காப்பாற்ற இது உதவும். 8-ல் ஒன்று இதில் செய்தாலும் 7 ஆகாமல் 8 ஆகிறதே. இரண்டாவது பம்பாக வைத்துக்கொள்ளலாம், முதல் பம்பாக வேண்டாம்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. பிராவுக்குள் வைக்கும் கிண்ணங்களை மட்டும் தனியாக விற்கிறார்கள். அவற்றை டியூப் வழியாக மேசைப் பம்பில் மாட்டலாம். மோட்டார் வலுவானது, கை ஓய்வாக இருக்கும். இன்னும் எளிதாக வேண்டுமென்றால், பழைய பிராவில் காம்பு வரும் இடத்தில் ஓட்டை வெட்டி, புனலை அதில் செருகிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு கையும் நீவிவிடக் கிடைத்தது.

## யாரோ பயன்படுத்திய பம்ப்

அக்காவோ தோழியோ அன்போடு கொடுப்பார்கள். பலர் பயன்படுத்த வடிவமைத்த பம்பாக இருந்தால், புதுக் கிட் வாங்கிக்கொண்டு ஏற்கலாம். ஒருவர் உபயோகத்துக்கானது என்றால் வேண்டாம்; எஃப்.டி.ஏ.வும் அதைப் பகிரக்கூடாது என்றுதான் சொல்கிறது. கிருமி ஒரு காரணம். மோட்டார் ஏற்கெனவே எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாமல் தொடங்குவது நமக்கு மற்றொரு காரணம்.

கைப்பம்ப் ஒன்றை மட்டும் மறுக்காதீர்கள். மின்சாரம் போன இரவுக்கு அது போதும். கையாலேயே பீய்ச்சப் பழகிக்கொள்வதும் அதே போலத்தான்: முதல் துளிகள் பம்பில் வருவதற்கு முன்னால் பலருக்குக் கையில் வருகின்றன.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வாடகைக் கனமான பம்ப் | சொந்த இரட்டைப் பம்ப் | பிராவுக்குள் செருகுவது |
|---|---|---|---|
| நாளுக்கு 8 தடவை, பல வாரம் | அசராது | தாங்கும், கண்காணிக்கவேண்டும் | திணறும் |
| வேகக் கட்டத்துக்குத் திரும்புவது | எளிது | எளிது | பம்பைப் பொறுத்தது |
| பம்ப் ஓடும்போதே நீவிவிடுவது | முடியும் | முடியும் | ஏறக்குறைய முடியாது |
| காம்பு சரியாக நிற்கிறதா பார்ப்பது | தெரியும் | தெரியும் | கடினம் |
| நடமாட்டம் | இல்லை | பேட்டரி இருந்தால் ஓரளவு | முழுக்க |
| காத்திருப்பு நீண்டால் | செலவு ஏறும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| திட்டம் கைவிட்டால் | திருப்பிவிடலாம் | வீட்டிலேயே கிடக்கும் | வீட்டிலேயே கிடக்கும் |

கடைசி வரியை எழுதத் தயங்கினேன். ஆனால் தத்து நடைமுறையில் கடைசி நேரத்தில் கைநழுவுவது உண்டு. அந்த வீட்டில் மேசை மேல் பம்ப் இருப்பது என்ன செய்யும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். வாடகையை விரும்புவதற்குச் சிலர் சொல்லும் காரணம் இது ஒன்றே. நியாயமான காரணம்.

## விலையில் தெரியாத செலவு

புனலுக்குக் கீழே சிலிக்கானில் ஒரு சின்ன வால்வு இருக்கும், வாத்தின் அலகு போல வாய் மூடியிருக்கும். இழுக்கும்போது மூடி, விடும்போது திறக்கும். மொத்த பம்பிலும் மலிவான உறுப்பு அதுதான். முதலில் போவதும் அதுதான்.

ஐந்தாவது வாரம் எனக்கு முதல் துளிகள் வந்தன. புட்டியின் அடியில் விழக்கூட இல்லை. வால்வின் உதட்டில் வெள்ளையாக ஒரு பூச்சு, விரலால் தொட்டால் பிசுக்கென்றது. அடுத்த இரண்டு நாள் இடப்பக்கம் துளிகள் கூடின. பிறகு நான்கு நாள் ஒன்றுமே இல்லை. அழுது தீர்த்தேன், மாத்திரையைக் குறை சொன்னேன், என் வயதைக் குறை சொன்னேன். தாய்ப்பால் ஆலோசகரிடம் போனபோது அவர் எதையும் கேட்காமல் இடது வால்வைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அலகின் ஓரத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கிழிசல். நான்தான் கழுவும்போது பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடைந்து கிழித்திருக்கிறேன். புது வால்வு போட்ட மறுநாள் துளி திரும்பியது.

அன்று அவர் சொல்லிக்கொடுத்த சோதனை: ஒரு பக்கம் இழுப்பு தளர்ந்தால் இடது உறுப்புகளை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். தளர்ச்சி உறுப்போடு கூடவே போனால் வால்வு அல்லது சவ்வு. அதே பக்கத்தில் நின்றால் டியூப் அல்லது மோட்டார். உடம்பைச் சந்தேகிப்பது அதற்கெல்லாம் அப்புறம்.

நாளுக்கு எட்டுத் தடவை ஓட்டினால் வால்வுகளை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். எனவே பம்பின் விலையோடு இவற்றையும் கூட்டுங்கள்: சரியான அளவுப் புனல்கள் (ஒரே தடவையில் சரியான அளவு அமையாது), உபரி வால்வுகள், இரண்டாவது கிட் ஒன்று. இரண்டாவது கிட் ஆடம்பரமில்லை. பால் வராத நாளிலும் கழுவத்தான் வேண்டும், ராத்திரி 3 மணிக்குக் கழுவத் தெம்பிருக்காது. உங்கள் பம்புக்கான உதிரி உறுப்புகள் சுலபமாகக் கிடைக்கிறதா என்பதைப் பம்பைத் தேர்ந்தெடுக்கும் முன் பாருங்கள். அபூர்வமான, அழகான பம்பைவிட வால்வு கிடைக்கிற சுமாரான பம்ப் மேல்.

## யாருக்கு எது

குழந்தை வரும் தேதி தெரிந்தவர்களுக்கு, அதாவது வாடகைத்தாய் மூலம் பெறுகிறவர்களுக்கும், துணைவி கருவுற்றிருக்க தானும் பால் கொடுக்க நினைக்கும் பெண்ணுக்கும், கனமான பம்பை வாடகைக்கு எடுங்கள் என்பேன். குழந்தை வருவதற்கு முந்தைய 6 வாரம், வந்தபிறகு ஓரிரு மாதம். கணக்கு எளிது: மொத்த வாடகையோடு கிட்டையும் சேர்த்தால் சொந்தப் பம்பின் விலையை எத்தனையாவது மாதம் தாண்டுகிறது? அந்த மாதத்துக்கு முன் முடித்துவிடுவீர்கள் என்றால் வாடகை.

தேதி தெரியாத தத்துத் தாய்க்குச் சொந்த இரட்டைப் பம்ப். கையில் வசதி இருந்தால், அழைப்பு வந்ததும் ஒரு மாதத்துக்கு மட்டும் கனமானதை வாடகைக்கு எடுத்து இதை ஓய்வில் வைக்கலாம். நான் கடைசியில் செய்தது இதுதான்.

பால் நின்று சில வாரமே ஆன தாய்க்கு வேலை கொஞ்சம் சுலபம். சுரப்பிகள் ஏற்கெனவே வளர்ந்தவை. வீட்டில் உள்ள இரட்டைப் பம்புக்குப் புது வால்வும் சரியான புனலும் போட்டுத் தொடங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு புதிதாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஓடியாடும் பிள்ளை இருந்து, ஒரு இடத்தில் உட்காரவே முடியாது என்றால் மேசைப் பம்போடு பிராக் கிண்ணங்கள். அதற்கும் வழியில்லை என்றால்தான் செருகும் பம்ப். நாளுக்கு நான்கு தடவையாவது செய்வது பூஜ்யத்தைவிட மேல்.

மாத்திரைகளைப் பற்றிப் பம்ப் கடைக்காரரிடமோ என்னிடமோ கேட்காதீர்கள். பால் பெருக்கப் பலர் சொல்லும் டோம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, 2004-ல் எஃப்.டி.ஏ. அதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் உறையும் கோளாறு, மார்பில் அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிக்கல் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முழுப் பால் வருமென்று உறுதி கிடையாது. பலருக்குப் பாதி, சிலருக்கு ஒரு நாளில் சில கரண்டிதான்.

ஆனால் குழந்தை வந்தபிறகு பம்பின் இடம் சுருங்கத் தொடங்கும். மெல்லிய குழாய் ஒன்றைக் காம்பின் ஓரமாக ஒட்டி, அதன் வழியே தேவையான மீதிப் பாலைக் கொடுத்தால் குழந்தை மார்பிலேயே குடிக்கும். அதன் வாயைவிட நல்ல பம்ப் எதுவும் கிடையாது. பம்பை ஒரேயடியாக நிறுத்தாமல், குழந்தை நன்றாகக் குடித்த வேளைகளை மட்டும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வரவேண்டும். எடை ஏறுவதைப் பார்த்து மருத்துவர் சொல்லுவார். என் மகள் வந்த மூன்றாவது வாரம் பகல் வேளைகள் ஐந்து அப்படிக் கழிந்தன. ராத்திரி 3 மணி மட்டும் இரண்டு மாதம் இருந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.